பதினாலு பேருக்குச் சாப்பாடு

ரக்னாவை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் பாதிரியார் அரைமணி நேரம் பேசினார். கடும் உழைப்பாளி, நல்ல மனைவி, நல்ல தாய் என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார். அவர் இந்த ஊருக்கு வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது, பாவம், வேறென்ன தெரியும் அவருக்கு? சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அறுபது வருஷம் அவளுக்குப் பக்கத்துப் பண்ணையில் குடியிருந்தவள் நான். பக்கம் என்றால் கனடாவில் எங்கள் சஸ்காட்சுவான் கணக்குப் பக்கம். நடுவில் ஒரு மைல் கோதுமை. அவள் எதை நினைத்து நினைத்து உருகிச் செத்தாள் என்று எனக்குத் தெரியும். அது பாதிரியார் பேச்சில் வரவில்லை.

நார்வேயிலிருந்து பத்தொன்பது வயசில் கப்பலேறி வந்தவள் ரக்னா. முன்னாலேயே வந்து நிலம் பிடித்திருந்த ஓலுஃப், "வீடு தயார், வா" என்று எழுதியிருந்தான். வந்து பார்த்தால் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய குடிசை. வெளியே ஒரு நாள் மழை பெய்தால் உள்ளே மூன்று நாள் பெய்யும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. வேறொருத்தியாக இருந்தால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதிருப்பாள். இவள், "துடைப்பம் எங்க?" என்றுதான் கேட்டாளாம். ஓலுஃப் வாங்கி வைக்காத ஒரே சாமான் அதுதான்.

அதற்குப் பிறகு அவள் கை ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பசு, கோழி, தோட்டம், ரொட்டி, சலவை, தையல், குளிர்காலத்துக்குப் பன்றி இறைச்சியை உப்புப் போட்டு வைப்பது, எல்லாம் அவள்தான். மூத்த குழந்தை ஆறு மாசத்தில் காய்ச்சலில் போனது. அடக்கம் செய்துவிட்டு வந்து பால் கறந்தாள்; பசுவுக்கு என்ன தெரியும் என்பாள். பிறகு ஆர்னே பிறந்தான், அப்புறம் தோர்டிஸ்.

முப்பதுகளில் மழை பொய்த்தது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட பத்து வருஷம். நிலமே எழுந்து காற்றோடு போனது. ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுவோம். மேஜையில் தட்டைக் கவிழ்த்து வைப்போம். சாப்பாடு பரிமாறுகிற நிமிஷத்தில்தான் நிமிர்த்துவது, இல்லாவிட்டால் மண்ணைத்தான் தின்ன வேண்டும். அந்த நாளிலும் ரக்னா வீட்டுக்குப் போனால் காபிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பலகாரம் இருக்கும். எதிலிருந்து செய்தாள் என்று கேட்கக் கூடாது. அதுதான் அவள் மானம். மானம் என்றால் எங்கள் பெண்களுக்கு அடுப்புதான். அதிலேதான் அவளுக்கு வினையும் வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் கதிரடிப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு பண்ணைக்கு ஒரு மெஷின். அது என் வீட்டுக்காரர் ஆண்டர்ஸுடையது. மெஷினும் ஆட்களும் முறை வைத்து வீடு வீடாகப் போவார்கள். மெஷின் யார் வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரி எல்லோருக்கும் சமைக்க வேண்டும். விடிவதற்கு முன்பு ஒரு சாப்பாடு, காலையில் வயலுக்கே ரொட்டியும் காபியும், மத்தியானம் விருந்து, சாயங்காலம் மறுபடி வயலுக்கு, இருட்டிய பின் இன்னொரு முழுச் சாப்பாடு. மழை வந்தால் மெஷின் நிற்கும், வயிறு நிற்குமா? கதிர்க்கட்டு காயும் வரைக்கும் ஆட்கள் அந்த வீட்டுக் கொட்டகையிலேயே படுத்துக் கிடப்பார்கள். சீட்டாடுவார்கள், மணி அடித்தால் எழுந்து வருவார்கள். பந்திக்கு முந்தச் சொல்லி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனதும் அங்கே உட்கார்ந்து இந்த வீட்டுச் சாப்பாட்டை எடை போடுவார்கள். ஒருத்தி ஒரு வருஷம் கடை ரொட்டி வைத்துவிட்டாள். அவளுக்குப் பேரன் பிறந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. இன்னொரு எழுதாத சட்டமும் உண்டு. கைக்குழந்தைக்காரி, நோயாளி என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் போய்க் கை கொடுப்போம். கல்யாண வயசில் மகள் இருக்கிற வீட்டில் வெளியாள் நுழைந்து கிழங்கு உரித்தால், மகள் சோம்பேறி, இல்லையென்றால் தாய் சொல் எடுபடவில்லை என்று அர்த்தம். எந்த மடையன் போட்ட சட்டமோ, நாங்கள் எல்லோரும் அதைப் பைபிளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தோம்.

தோர்டிஸுக்குப் பத்தொன்பது வயசான இலையுதிர் காலத்தில் அவளுக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே, மெஷின் பட்டையில் கை மாட்டிக்கொண்ட ஒருவனுக்கு ஆம்பளைகள் எல்லாம் முகம் வெளுத்து நிற்க, இவள்தான் கட்டுப் போட்டாள். அவனைப் பாட்டுப் பாடச் சொல்லிக்கொண்டே போட்டாள். எங்கள் நார்வே ஜனங்களில் நர்ஸ் படிக்கப் போகிற முதல் பெண். திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டும். பெட்டி கட்டியாகிவிட்டது.

பத்து வருஷத்துக்குப் பிறகு நல்ல விளைச்சல் கண்ட வருஷமும் அதுதான். வெள்ளிக்கிழமை மெஷின் ரக்னா வீட்டுக்குப் போனது. பதினாலு பேர். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. பத்து வருஷம் வானத்தைப் பார்த்து ஏங்கினோமே, அந்த மழை வரக் கூடாத நேரம் பார்த்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முட்டை கொண்டு போகிற சாக்கில் நான் போனேன். ரக்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தோர்டிஸ் ஒரு மலை அளவு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓலுஃப் அடுப்போரம் காபி உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இவ ரயில் ஏறணுமில்ல?" என்றேன்.

"மழையைப் பாத்தியா? ரோடெல்லாம் சேறு. வண்டி அச்சு வரைக்கும் இறங்கும்," என்றாள் ரக்னா. "குதிரையெல்லாம் வேற களைச்சுக் கிடக்கு."

"எது, குதிரையா? ரெண்டு நாளா நின்ன எடத்துல ஓட்ஸ் தின்னுக்கிட்டிருக்கு. கொட்டகையில கிடக்கற பதினாலு பேரும் அதேதான் பண்றாங்க. என் வீட்டு வண்டியில நானே ஸ்டேஷனுக்குக் கொண்டு விடறேன். திரும்பி வந்து உனக்குக் கூடமாட நிக்கறேன்."

"பொண்ணை அனுப்பிட்டு உன்னை வச்சுக் கிழங்கு உரிச்சா, இவங்க நாளைக்கு ஊர் பூரா என்ன பேசுவாங்க? வேண்டாம் ஹெல்கா. ஒரு வாரம்தானே. படிப்பு எங்க ஓடிப் போயிடப் போவுது?"

தோர்டிஸ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "திங்கட்கிழமைன்னு போட்டிருக்காங்கம்மா."

"லெட்டர் போடு. மழை, கதிரடிப்புன்னு எழுது. அவங்களும் கோதுமைதானே திங்கறாங்க?"

தோர்டிஸ் அப்பாவைப் பார்த்தாள். ஓலுஃப் தங்கமான மனுஷன். ஆனால் அடுப்படி விஷயத்தில் வாயைத் திறந்தால் அடுத்த வேளை காபி கிடைக்காது என்று தெரிந்தவன். கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தட்டுக்குத் திரும்பினாள். ஒரு அழுகை இல்லை, ஒரு முனகல் இல்லை. கத்தியிருக்கலாம் அந்தப் பெண். அந்த ஒரு நாளாவது கத்தியிருக்கலாம்.

மழை அந்த வாரம் முழுக்கப் பெய்தது. தோர்டிஸ் செய்த ஆப்பிள் பை பிரமாதம் என்று ஆட்கள் கொண்டாடினார்கள். அதில் ஒருவன், "ஏம்மா தோர்டிஸ், உன் கைச் சாப்பாட்டைத் தின்னா எவனுக்கும் சீக்கு வராது. அப்புறம் நீ நர்ஸாகி யாரைப் பாக்கப் போறே?" என்றான். பதினாலு பேரும் சிரித்தார்கள். ஆண்டர்ஸ் வந்து சொன்னார், ரக்னாவும் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை அவள் பிறகு எத்தனை தடவை நினைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

மெஷின் கிளம்பிப் போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. வராதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது, அடுத்த வருஷம் விண்ணப்பிக்கவும். அடுத்த வருஷம் ஆர்னே பட்டாளத்துக்குப் போய்விட்டான். டிராக்டர் ஓட்ட தோர்டிஸ்தான் இருந்தாள். அதற்கடுத்த வருஷம் ஓலுஃப் காலை உடைத்துக்கொண்டான். அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு மைல் தள்ளியிருந்த பெடர் வந்து கேட்டான். நல்லவன், அதிகம் பேசாதவன். கட்டிக்கொண்டு போனாள். கெட்ட வாழ்க்கை என்று சொல்ல முடியாது. அவள் கேட்ட வாழ்க்கை இல்லை, அவ்வளவுதான்.

ரக்னாவுக்கு எப்போது உறைத்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஊரில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும், யார் கையில் கோடாலி பட்டாலும் தோர்டிஸைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். டாக்டர் வந்து சேர அரை நாள் ஆகுமே. அப்புறம் சர்ச்சில் ரக்னாவைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு நர்ஸ் மாதிரியே பாத்தாங்க" என்று புகழ்வார்கள். நல்லதாக நினைத்துத்தான் சொல்வார்கள். ரக்னா உடனே காபிப் பானையைப் பார்க்கப் போய்விடுவாள். பானையில் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஒருமுறை எனக்குப் பித்தப்பையில் கல் எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பார்க்க வந்த ரக்னா என்னைப் பார்க்கவே இல்லை. வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு போகிற வருகிற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருத்தி என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனதும் ரக்னாவின் கண் நிறைந்துவிட்டது.

"அந்தத் தொப்பி அவளுக்கு நல்லா இருந்திருக்கும், ஹெல்கா."

"அவகிட்டயே சொல்லேன்," என்றேன். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்லி? அவ 'பரவால்லம்மா'ன்னு சொல்லணுமே. அதைச் சொல்லலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வாயால் கேட்க வேண்டியதைக் கையால் கேட்டாள். வாரம் தவறாமல் பெடர் வீட்டுக்கு ரொட்டி போகும், ஆப்பிள் பை போகும், கம்பளிக் காலுறை போகும். ஒட்டுத்துணிப் போர்வை எத்தனை தைத்தாளோ, அந்த வீட்டில் அத்தனை கட்டில் கிடையாது. தோர்டிஸ் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு "நன்றிம்மா" என்பாள். சண்டை போடுகிறவளிடம் மன்னிப்புக் கேட்கலாம். நன்றி சொல்கிறவளிடம் எப்படிக் கேட்பது?

வருஷம் ஓடியது. ஓலுஃப் போய்ச் சேர்ந்தான். பண்ணையை ஆர்னே எடுத்துக்கொண்டான். ரக்னா அதே பண்ணை வளவில் ஒரு சின்ன வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். இப்போது மெஷினும் கிடையாது, முறையும் கிடையாது. ஆளுக்கொரு பெரிய எந்திரம், அறுப்பும் அடிப்பும் அதிலேயே முடிந்துவிடும். தோர்டிஸின் ஒரே மகள் மாரித் வளர்ந்து பள்ளிப்படிப்பை முடித்தாள். அவளுக்கும் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. யாரும் அவளைத் தூண்டிவிடவில்லை. ரத்தத்தில் இருந்திருக்கிறது.

அந்த இலையுதிர் காலத்திலும் மழை. அறுக்காத கோதுமை வயலில் ஊறி நின்றது. நான் ரக்னா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாரித் நனைந்துகொண்டே உள்ளே வந்தாள்.

"பாட்டி, இன்னிக்கு நான் கிளம்பணும், அம்மா போக வேண்டாங்கறா. மழை விட்டதும் அப்பா எந்திரத்துல ஏறிடுவாராம், அம்மா லாரி ஓட்டணுமாம். வீட்டுல சமைக்க ஆளில்லையாம். 'ஒரு வாரம் கழிச்சுப் போயேன்'னு சொல்றா."

நாம் பட்டதைப் பிள்ளை படக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறோம். கடைசியில் நமக்குத் தெரிந்த வழி நம்மை நடத்தின வழி ஒன்றுதான்.

ரக்னா கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்தாள், ஓலுஃபின் பழைய கோட்டை மாட்டினாள், ஆணியிலிருந்து அவனுடைய பழைய லாரிச் சாவியை எடுத்தாள். அப்போது அவளுக்கு எழுபத்தாறு வயசு. சண்டைக் காலத்தில் ஆர்னே இல்லாதபோது ஓட்டியதுதான். லைசென்ஸ் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு. ஆனா பெட்டி வீட்டுல இருக்கு பாட்டி."

"பெட்டி அடுத்த வாரம் வரும். நீ ஏறு. ஹெல்கா, நீயும் ஏறு. வெயிட்டு இருந்தாத்தான் பின்சக்கரம் பிடிக்கும்."

"என்னை மூட்டைன்னு சொல்றியா?"

"மூட்டைன்னா வாய் பேசாது. ஏறு."

அன்றைக்கு நாங்கள் போன போக்கைக் கடவுள் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்திருப்பார். எங்கள் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இரண்டு இடத்தில் லாரி வழுக்கிப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. நானும் மாரித்தும் இறங்கித் தள்ளினோம். ரக்னா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்கடி, கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?" என்று அதட்டினாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மாரித் இடுப்புவரை சேறோடு ஏறினாள். பெட்டியில்லை, மாற்றுத் துணியில்லை. ரக்னா ஓலுஃபின் கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பஸ் மறைகிற வரைக்கும் மழையில் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடன் தீர்ந்தது என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

திரும்பி வந்தபோது தோர்டிஸ் ரக்னா வீட்டு வளவில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு இல்லாமல் நனைந்துகொண்டே நின்றாள்.

"பஸ் ஏத்தி விட்டுட்டேன்," என்றாள் ரக்னா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தோர்டிஸ் லாரியைப் பார்த்தாள், சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"அப்போ போகக்கூடிய ரோடுதானா இது? அன்னிக்கும் இதே ரோடுதானேம்மா? இதே சேறுதானே? அன்னிக்கு ஏம்மா உனக்குத் தோணலை?"

ரக்னாவின் முகம் செத்துவிட்டது. நான் லாரியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கே போவது?

"பயந்துட்டேன்," என்றாள் ரக்னா.

"எதுக்கு?"

"ஆளுங்க என்ன பேசுவாங்களோன்னு. சாப்பாடு சரியில்லைன்னு..."

"அந்தப் பதினாலு பேரா?" தோர்டிஸ் சிரித்தாள், அழுதாள், எதுவென்று சொல்ல முடியவில்லை. "அவங்க தின்னுட்டு எழுந்து போயிட்டாங்கம்மா. அன்னிக்கு என்ன தின்னோம்னு அதுல ஒருத்தனைக் கேளு, சொல்றானா பாப்போம். நான்தான் இன்னும் அந்தத் தட்டைக் கழுவிக்கிட்டிருக்கேன்."

"தப்பு என் மேலதான் தோர்டிஸ்."

கடைசியில் சொல்லிவிட்டாள். தோர்டிஸ் முகத்து மழைநீரைத் துடைத்தாள். "உள்ள போம்மா, நனையாத," என்று சொல்லிவிட்டு மகளுடைய பெட்டியைக் கட்ட வீட்டுக்குப் போனாள். ரக்னா காத்திருந்த வார்த்தை அது இல்லை.

மாரித் படித்து முடித்தாள். இப்போது நகரத்தில் பெரிய நர்ஸ். ரக்னா அதற்குப் பிறகும் பதினைந்து வருஷம் இருந்தாள். கடைசி வருஷம் படுக்கையில் விழுந்ததும் ஆர்னே முதியோர் விடுதிக்கு அனுப்பப் பார்த்தான். தோர்டிஸ் விடவில்லை. தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள், வேளைக்கு வேளை புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. பார்க்க வந்த டாக்டர், "எங்க பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டார். தோர்டிஸ் துணியைப் பிழிந்தாள். ரக்னா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோர்டிஸ் வந்து தலையணையைச் சரி செய்து, அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் நனைத்துவிட்டுப் போனாள். அந்தக் கை எவ்வளவு பதமாக இருந்தது! என் பிள்ளைகள் யாருக்கும் அந்தக் கை இல்லை.

"குடுத்து வச்சவ நீ," என்றேன். "உன்னை எப்படிப் பாத்துக்கறா பாரு."

ரக்னாவின் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையில் பலமில்லை.

"திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன் ஹெல்கா," என்றாள். "இவ்வளவு நல்லாப் பாத்துக்கறாளே, அதைத்தான் என்னால தாங்க முடியலை."